எந்த இடத்தில் கேட்க வேண்டும்? காது கேட்கும் கருவி வாங்குவோருக்கு ஓர் அறிமுகம்

காது கேட்கும் கருவி வாங்கலாம் என்று ஒருவழியாக முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" அடுத்தது, "வெளியே தெரியாத மாதிரி சின்னதாகக் கிடைக்குமா?" இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு முன்னால் வர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில், யார் பேசும்போது எனக்குக் கேட்காமல் போகிறது? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கிய கருவிகள்தான் நாலு நாள் காதில் இருந்துவிட்டு, அப்புறம் மேஜை டிராயருக்குப் போய்விடுகின்றன.

ஆகவே பரிசோதனைக்குப் போகும் முன்பே ஒரு தாளை எடுத்து நான்கைந்து சூழல்களை எழுதிக்கொள்ளுங்கள். "கூட்டத்தில் கேட்பதில்லை" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. "ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும்போது எதிரே இருப்பவர் பேசுவது புரிவதில்லை", "கார் ஓட்டும்போது பின்சீட்டில் இருக்கும் பேத்தி கேட்பது காதில் விழுவதில்லை", "போனை இடது காதில் வைத்தால் தெளிவாக இல்லை" என்று இடம், ஆள், தூரம் எல்லாம் தெரியும்படி எழுத வேண்டும். வீட்டில் இருப்பவர் ஒருவரும் தனியாக ஒரு பட்டியல் எழுதட்டும். எது காதில் விழாமல் போனது என்பது கேட்காதவருக்கே தெரியாது. ஒரே விஷயத்தை மூன்று தடவை திருப்பிச் சொன்னவருக்குத்தான் தெரியும்.

இது ஏதோ வீட்டு வைத்தியம் மாதிரியான யோசனை இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய 'கோசி' என்ற படிவம் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. அதிலும் இதேதான்: நோயாளி தனக்கு முக்கியமான சூழல்களை, ஐந்து வரை, வரிசைப்படுத்திச் சொல்கிறார். கருவி போட்ட பிறகு ஒவ்வொன்றிலும் எவ்வளவு மாற்றம் வந்தது என்று குறிக்கிறார்கள்.

முதலில் மருத்துவர்

கருவியைப் பற்றி யோசிக்கும் முன் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் காதுக்குள் பார்த்துவிட வேண்டும். காரணம் எளிது. எல்லாக் காது மந்தத்துக்கும் கருவி தேவைப்படுவதில்லை. காதுக் குரும்பி அடைத்துக்கொண்டிருக்கலாம். செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். இவையெல்லாம் ஒலி உள்ளே போகும் பாதையில் வரும் தடைகள். பலவற்றை மருந்திலோ அறுவை சிகிச்சையிலோ சரிசெய்ய முடியும். வயதாவதாலும், நெடுநாள் இரைச்சலாலும் வருவது வேறு வகை. உள்காதில் நத்தை வடிவில் இருக்கும் காக்லியாவின் நுண்ணிய முடிச் செல்கள் அழிவதால் வருவது அது. அந்தச் செல்கள் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. கருவிகள் அதிகம் பயன்படுவது இங்கேதான்.

ஒரே காதில் மட்டும் கேட்காமல் போவது, சீழ் வடிவது, வலி, தலைசுற்றல், நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் கேட்கும் இரைச்சல் ஆகியவை இருந்தால் மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்று வரை கேட்ட காது இன்று காலை திடீரென்று கேட்கவில்லை என்றால் அதற்கு அவசர சிகிச்சை வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. முதல் சில நாட்களில் தொடங்குவதே சிறப்பு, இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். "சளி பிடித்திருக்கும், தானே சரியாகும்" என்று காத்திருந்து நிரந்தரமாக ஒரு காதை இழந்தவர்கள் உண்டு.

அந்த வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒலி புகாத அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, "பீப்" சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அதன் முடிவுதான் ஆடியோகிராம் என்ற வரைபடம். பலர் அதை மடித்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் செலவழித்து அதைப் புரிந்துகொண்டால், விற்பவர் சொல்வதில் பாதியை நீங்களே எடை போட்டுவிடலாம்.

வரைபடத்தின் குறுக்காக 250, 500, 1000, 2000, 4000, 8000 என்று எண்கள் இருக்கும். இவை அதிர்வெண்ணை, அதாவது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸ் கணக்கு. இடது ஓரம் கனத்த ஒலிகள், வலது ஓரம் கீச்சென்ற ஒலிகள். மேலிருந்து கீழாக 0, 10, 20 என்று இறங்கும் எண்கள் டெசிபல். அந்த ஒலியை எவ்வளவு உரக்க வைத்தால் உங்களுக்குக் கேட்கத் தொடங்குகிறது என்பதன் அளவு. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு.

500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களின் சராசரியை எடுத்துக் குறைபாட்டை வகைப்படுத்துகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி, இரண்டு காதுகளில் நன்றாகக் கேட்கும் காதில் இந்தச் சராசரி 20 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு. 20 முதல் 35 வரை லேசான குறைபாடு, 35 முதல் 50 வரை மிதமானது, 50 முதல் 65 வரை மிதமானதைத் தாண்டியது, 65 முதல் 80 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது.

ஆனால் சராசரி மட்டும் போதாது. கோட்டின் வடிவம்தான் கதையைச் சொல்லும். வயதானவர் ஒருவருடைய வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 500இல் 25, 1000இல் 30, 2000இல் 50, 4000இல் 65. சராசரி 42.5, அதாவது மிதமான குறைபாடு. இடப்பக்கம் ஏறக்குறைய நன்றாக இருக்கிறது, வலப்பக்கம் சறுக்கிக்கொண்டு இறங்குகிறது. இவர் என்ன சொல்வார்? "காதில் விழுகிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்பார். வீட்டில் இருப்பவர்கள், "வேண்டாததெல்லாம் கேட்கும், நாம் சொன்னால் மட்டும் கேட்காது" என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

பேச்சில் உயிரொலிகள் கனமானவை, பலமானவை. அவை வரைபடத்தின் இடப்பக்கத்தில் அதிகம் இருப்பதால் இவருக்குக் கேட்டுவிடுகின்றன. ஆனால் 'படி', 'கடி', 'தடி' மூன்றையும் பிரித்துக் காட்டுவது தொடக்கத்தில் வந்து மறையும் அந்த மெல்லிய வெடிப்பு. அதன் அடையாளம் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. 'ஸ', 'ஷ' போன்றவை இன்னும் வலப்பக்கம். இவருக்கு மூன்று சொற்களும் ஏறக்குறைய 'அடி' என்றுதான் போய்ச் சேரும், மீதியை ஊகித்துக்கொள்கிறார். குழந்தைகளின் கீச்சுக் குரல் புரியாமல் போவதற்கும், அவர் மணிக்கணக்கில் பேச்சைக் கேட்டபின் களைத்துப்போவதற்கும் இதுவே காரணம். கத்திப் பேசினால் சரியாகும் என்று நினைக்கிறோம். கத்தும்போது உயிரொலிதான் மேலும் ஓங்குகிறது. மெய்யொலிகள் அந்த அளவுக்கு ஓங்குவதில்லை. கிட்டே வந்து, முகம் தெரிய, கொஞ்சம் நிதானமாகப் பேசுவதுதான் உதவும்.

இங்கேதான் நல்ல கருவிக்கும், எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவான ஒலிபெருக்கிக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. மேலே பார்த்தவருக்கு 500 ஹெர்ட்ஸில் அதிகம் கூட்டத் தேவையில்லை. 4000இல் நன்றாகக் கூட்ட வேண்டும். அதோடு முடியவில்லை. உள்காது பாதிக்கப்பட்டவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பெரிய ஒலி எல்லோருக்கும் போலவே பெரிதாகத்தான் கேட்கும். "இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசு" என்றவரே அடுத்த நொடி "ஏன் கத்துகிறாய்?" என்று கோபிப்பது இதனால்தான். எனவே மெல்லிய ஒலியை அதிகமாகவும், உரத்த ஒலியைக் குறைவாகவும் கருவி பெருக்க வேண்டும். இன்றைய டிஜிட்டல் கருவிகள் ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் இதைத் தனித்தனியாகச் செய்கின்றன.

ஆடியோகிராமோடு இன்னொரு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்: சொற்களைப் போதிய சத்தத்தில் கேட்கவைத்து, எத்தனை சதவீதம் சரியாகத் திருப்பிச் சொன்னீர்கள் என்ற மதிப்பெண். ஒரே மாதிரி ஆடியோகிராம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் 90 சதவீதமும் மற்றவர் 50 சதவீதமும் வாங்கலாம். இரண்டாமவருக்கு எவ்வளவு உயர்ந்த கருவி போட்டாலும் முதலாமவர் அளவுக்குப் புரியாது. வாங்கும் முன்பே இது தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையும் இருக்கிறது. செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த வடிவம்?

வடிவங்கள் பல இருந்தாலும் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று குடும்பங்கள்.

காதுக்குப் பின்னால் மாட்டுவது பழைய, உறுதியான வகை. மைக், சில்லு, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் பின்னால் உள்ள பெட்டிக்குள் இருக்கும். ஒலி ஒரு குழாய் வழியாக, காதின் அளவெடுத்துச் செய்து காதில் பொருத்திய அச்சுக்கு வரும். லேசான குறைபாட்டிலிருந்து மிகக் கடுமையானது வரை எல்லாவற்றுக்கும் இதில் கருவி உண்டு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இதையே தருகிறார்கள். காது வளர வளர அச்சை மட்டும் மாற்றினால் போதும், கருவி அப்படியே இருக்கும்.

இதன் மெலிந்த தம்பியாக வந்ததுதான் இன்று அதிகம் பேர் போடும் ரிக் வகை. பெட்டி காதுக்குப் பின்னால், ஸ்பீக்கர் மட்டும் ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் காதுக்குள். நுனியில் டோம் என்ற சிறு சிலிக்கோன் குடை. நாம் பார்த்த சறுக்கு வரைபடக்காரருக்குத் துளையுள்ள திறந்த டோம் அருமையாகப் பொருந்தும். கனத்த ஒலிகள் இயல்பாகவே உள்ளே போய்விடும். கருவி உயர் அதிர்வெண் ஒலிகளை மட்டும் சேர்க்கும். காதை முழுக்க அடைத்தால் தன் குரலே முழக்கமாகக் கேட்கும் தொல்லை, திறந்த டோமில் பெருமளவு இருக்காது. குறைபாடு கடுமையானால் திறந்த டோம் ஒத்துவராது. வெளியே கசியும் ஒலி மைக்கில் புகுந்து விசிலடிக்கும். அப்போது மூடிய டோமோ, காதின் அளவெடுத்துச் செய்த அச்சோ வேண்டும்.

மூன்றாவது, காதுக்குள்ளேயே வைப்பது. காதின் அளவெடுத்துச் செய்வார்கள். கிண்ணம் போன்ற வெளிக்காதை நிரப்பும் அளவிலிருந்து, காதுக் குழாயின் ஆழத்தில் மறைந்துபோகும் அளவு வரை உண்டு. வெளியே தெரியக் கூடாது என்பவர்கள் நேராக ஆழத்தில் வைப்பதைக் கேட்கிறார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி மிகச் சிறியது, சீக்கிரம் தீரும். பெரும்பாலும் ஒரே மைக்தான் இருக்கும் என்பதால், முன்னால் இருப்பவர் பேச்சைத் தனியே பிடிக்கும் வசதி கிடைக்காது. சக்தியும் குறைவு. குரும்பியும் வியர்வையும் நேராகப் பாதிக்கும். காது அடைத்துக்கொள்வதால், கனத்த ஒலிகள் நன்றாகக் கேட்பவருக்குத் தன் குரல் தொல்லை தரலாம். சரி, தொடர்ந்து தொலைபேசியில் பேசும் வேலை, தலையில் ஹெல்மெட், முகத்தில் கண்ணாடி என்று காதுக்குப் பின்னால் இடமே இல்லாதவருக்கு இது நல்ல தேர்வாக அமையலாம்.

வடிவத்தைப் பார்ப்பதோடு விரல்களையும் பாருங்கள். விரலில் நடுக்கமோ மரப்போ உள்ளவர், பார்வை மங்கியவர் ஆகியோர் கருவியை வாங்கும் இடத்திலேயே தாமாகப் போட்டு, கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்து, பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். உதவிக்கு வந்தவர் செய்து காட்டினால் போதாது. வீட்டில் தனியாக இருக்கும்போது போட முடியாத கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தும் உதவாது.

ஒரு காது முழுக்கச் செயலிழந்து மறு காது நன்றாக இருந்தால், கேட்காத பக்கத்து ஒலியைக் கேட்கும் காதுக்கு அனுப்பும் க்ராஸ் வகைக் கருவி இருக்கிறது. காதில் ஓயாமல் சீழ் வடிபவர்களுக்கும், காதுக் குழாயே இல்லாமல் பிறந்தவர்களுக்கும் எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் கருவிகள் உண்டு. நல்ல கருவி போட்டும் சொற்கள் புரியாத அளவுக்குக் கடுமையான குறைபாடு என்றால், உள்காதில் அறுவை சிகிச்சையால் பொருத்திச் செவி நரம்பை நேராகத் தூண்டும் காக்லியர் இம்ப்ளான்ட் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இரைச்சலில் கேட்பது

எந்தக் கருவிக்கும் கடினமான வேலை இதுதான். பட்டியல் எழுதியவர்கள் பெரும்பாலும் முதலிடத்தில் எழுதுவதும் இதைத்தான்.

கருவியில் இரண்டு மைக் இருந்தால், ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டு முன்னால் இருந்து வருவதற்கு முன்னுரிமை தர முடியும். பேச்சு புரிவதில் இது உண்மையாகவே உதவுகிறது. இதைத் தெரிந்துகொண்டவர் உட்காரும் இடத்தையும் மாற்றிக்கொள்வார்: இரைச்சல் முதுகுக்குப் பின்னால், பேசுபவர் முகத்துக்கு நேரே. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இரைச்சல் குறைப்பு வேறு விஷயம். மின்விசிறி, எஞ்சின் போன்ற தொடர் ஓசையை அடக்கிக் காதுக்கு இதம் தரும், களைப்பைக் குறைக்கும். ஆனால் பேச்சை அதிகம் புரியவைக்கும் என்று வழக்கமான இரைச்சல் குறைப்பிடம் எதிர்பார்க்க வேண்டாம். பின்னணியில் பத்துப் பேர் பேசுவதும் பேச்சுதானே. செயற்கை நுண்ணறிவால் பேச்சைப் பிரித்தெடுக்கும் சில்லுகள் உள்ள கருவிகளும் வந்துவிட்டன. அவை உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதைச் சத்தமான இடத்தில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அமைதியான அறையில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் கேட்கும்.

தூரத்தின் கணக்கைக் கவனியுங்கள். ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணப் பேச்சு சுமார் 60 முதல் 65 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டர் தள்ளி நின்று பேசினால் 12 டெசிபல் போய்விட்டது. அறை இரைச்சலோ உங்கள் காதருகே அப்படியே இருக்கிறது. எந்தச் சில்லும் இந்த இழப்பை முழுதாக ஈடுகட்டாது. ஈடுகட்டுவது ஓர் எளிய துணைப்பொருள்: பேசுபவர் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு வயர்லெஸ் மைக். அவர் குரல் வாயருகிலிருந்து நேராக உங்கள் கருவிக்கு வந்துவிடும். வகுப்பறை, கூட்டம், கார் போன்ற சூழல்கள் உங்கள் பட்டியலில் இருந்தால், கருவியில் ஒரு படி உயர்ந்த மாடலுக்குப் பணம் போடுவதைவிட நடுத்தர மாடலோடு இந்த மைக்கை வாங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏனோ பலர் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

போனும் தொலைக்காட்சியும் முக்கியம் என்றால் ப்ளூடூத் பாருங்கள்; உங்கள் கையில் இருக்கும் அதே போனோடு சேர்கிறதா என்று அங்கேயே இணைத்துப் பாருங்கள். சில அரங்குகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் ஒலியைக் காந்த அலையாக அனுப்பும் வளையம் பொருத்தியிருப்பார்கள். அதைப் பிடிக்க டெலிகாயில் என்ற சிறு சுருள் கருவிக்குள் இருக்க வேண்டும். புதிய மாடல்கள் சிலவற்றில் இது இருப்பதில்லை, கேட்டு வாங்குங்கள். ஒரே நேரத்தில் பலருக்கும் ஒலிபரப்பும் ஆராகாஸ்ட் என்ற புதிய ப்ளூடூத் முறையும் பரவத் தொடங்கியிருக்கிறது.

கம்பெனியைவிட முக்கியமானவர்

உலகில் விற்கும் கருவிகளில் பெரும்பகுதி ஐந்து குழுமங்களின் தயாரிப்பு: சோனோவா, டெமான்ட், டபிள்யூ.எஸ். ஆடியாலஜி, ஜி.என்., ஸ்டார்கி. ஃபோனாக் சோனோவாவுடையது, ஆட்டிகான் டெமான்ட்டுடையது, சிக்னியாவும் வைடெக்ஸும் டபிள்யூ.எஸ். ஆடியாலஜியுடையவை, ரீசவுண்ட் ஜி.என்.னுடையது. ஐந்திலும் நல்ல கருவிகள் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே சில்லை மென்பொருளில் சில வசதிகளை அடைத்துவைத்து இரண்டு மூன்று விலைப் படிகளில் விற்பதும் சகஜம். ஆகவே கம்பெனிப் பெயரில் ரொம்ப நேரம் செலவிடாதீர்கள். அந்த நேரத்தை, கருவியை உங்கள் காதுக்குச் சரிசெய்யப்போகும் ஆடியாலஜிஸ்டைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்றால் இதுதான்: "காதுக்குள் மைக் வைத்து அளந்து பார்ப்பீர்களா?"

விளக்கிச் சொல்கிறேன். ஆடியோகிராமைக் கணினியில் ஏற்றினால், கம்பெனியின் மென்பொருள் சராசரிக் காது ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு ஓர் அமைப்பைத் தந்துவிடும். ஆனால் ஒவ்வொருவர் காதுக் குழாயும் நீளத்திலும் அகலத்திலும் வேறு. ஒரே கருவி ஒரே அமைப்பில் இரண்டு காதுகளில் வெவ்வேறு ஒலியளவைத் தரும். அதனால் ரியல் இயர் அளவீடு என்ற முறை இருக்கிறது. மெல்லிய, வளையும் சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் முன்பு வரை நுழைத்து, அதன் மேல் கருவியைப் பொருத்துகிறார்கள். எதிரே உள்ள ஸ்பீக்கரிலிருந்து பேச்சு ஒலிக்கும். திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று, உங்கள் குறைபாட்டுக்கு எவ்வளவு ஒலி வேண்டும் என்று என்.ஏ.எல்.-என்.எல்.2 போன்ற சூத்திரம் கணக்கிட்ட இலக்கு. மற்றது, உண்மையில் உங்கள் காதுக்குள் வந்து சேர்வது. மென்பொருள் தந்த முதல் அமைப்பில், உயர் அதிர்வெண்களில் இரண்டாவது கோடு இலக்குக்குக் கீழே தொங்குவதை அடிக்கடி பார்க்கலாம். 'படி', 'கடி' பிரச்சினையின் இடமும் அதுவே. ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு பட்டையாகக் கூட்டிக் குறைத்து இரண்டு கோடுகளையும் நெருங்கவைப்பார். அரை மணி நேர வேலை, வலியில்லாதது. இதைச் செய்யாமல் "எப்படிக் கேட்கிறது? நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அனுப்புவது போதாது. புதிதாகப் போட்டவருக்கு எது சரியான ஒலி என்று எப்படித் தெரியும்? பல வருடமாக அவர் கேட்காத ஒலிகள் அவை.

மீதிக் கேள்விகளைச் சட்டென்று கேட்டுவிடலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில வாரம் போட்டுப் பார்க்கத் தருவீர்களா? பிடிக்கவில்லை என்றால் பணத்தில் எவ்வளவு திரும்பும்? விலையில் பிறகு வரும் சரிசெய்தல்கள் எல்லாம் சேர்த்தியா? உத்தரவாதம் எத்தனை வருடம்? ஊர் மாறினால் வேறு ஆடியாலஜிஸ்ட் இதைத் திறந்து மாற்ற முடியுமா, அல்லது உங்கள் கிளைகளில் மட்டும் மாற்றும்படி பூட்டப்பட்டதா? பூட்டிய கருவியை வாங்கித் திண்டாடுபவர்கள் இருக்கிறார்கள்.

பரிசோதனையே இல்லாமல் இணையத்தில் வாங்குவது பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், லேசானது முதல் மிதமானது வரை குறைபாடு இருப்பதாக உணரும் 18 வயது நிரம்பியவர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமலே கருவி வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்போனைக் காது கேட்கும் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் அங்கே ஒப்புதல் கிடைத்தது. லேசான குறைபாட்டுக்கு இவை உதவக்கூடும். குழந்தைகளுக்கும், கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கும் இவை ஆகாது. எதை வாங்குவதாக இருந்தாலும் மருத்துவர் ஒருமுறை காதைப் பார்ப்பதும், ஆடியோகிராம் எடுப்பதும் விட்டுவிடக் கூடாதவை.

இரண்டு காதுக்குமா?

இரண்டு காதிலும் குறைபாடு என்றால் பெரும்பாலோருக்கு இரண்டு கருவி வேண்டும். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுக்கும் இடையிலான நேர, அளவு வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. சாலையில் நடப்பவருக்கு இது பாதுகாப்பு. இரைச்சலில் பேச்சைப் பிரிக்கவும் இரண்டும் உதவும். பணம் இடித்தால், இரண்டு காதுக்கும் எளிய மாடலாகப் பார்க்கலாமா என்று யோசியுங்கள்; ஒரு காதுக்கு மட்டும் விலை உயர்ந்தது வாங்குவதைவிடப் பலருக்கு அது நல்லது.

பேட்டரியில் இரண்டு வழி. சார்ஜ் செய்வது இரவில் பெட்டியில் வைத்தால் மறுநாள் முழுதும் ஓடும். விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கு வரம். ஆனால் சில வருடங்களில் உள்ளிருக்கும் பேட்டரி பலமிழக்கும், மின்சாரம் இல்லாத இடத்தில் சிரமம். மாற்றிப் போடும் துத்தநாக-காற்று பேட்டரிகள் நான்கு அளவில் வருகின்றன, உறையின் நிறத்தை வைத்து அடையாளம் காணலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். மேலே உள்ள ஒட்டுக்காகிதத்தை உரித்து, சில நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். இந்தப் பேட்டரி காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான் வேலை செய்கிறது. சிறு குழந்தைகள் விழுங்கிவிடாதபடி பத்திரமாக வையுங்கள். விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனை.

முதல் வாரங்கள்

மூக்குக் கண்ணாடி மாட்டிய நிமிடமே எழுத்து தெளிவாகிவிடுகிறது. காதுக் கருவி அப்படி இல்லை. பல வருடங்கள் வராத ஒலிகள் ஒரே நாளில் மூளைக்கு வந்து சேர்கின்றன. செய்தித்தாள் புரட்டும் ஓசை, குழாய் நீர், மின்விசிறி, தன் செருப்பு தேயும் சத்தம் எல்லாம் எரிச்சலூட்டும். எதை ஒதுக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளை மறுபடி பழக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். முதலில் வீட்டின் அமைதியில் சில மணி நேரம், அப்புறம் ஒருவரோடு பேச்சு, பிறகு தொலைக்காட்சி, கடைசியில் கூட்டம் என்று நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். விசேஷத்துக்குப் போகும்போது மட்டும் எடுத்து மாட்டினால் மூளை பழகவே பழகாது. வலித்தாலோ, புண்ணானாலோ, பெரிய சத்தம் தாங்க முடியாமல் இருந்தாலோ பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அது சரிசெய்ய வேண்டிய குறை. எந்த இடத்தில், எந்தச் சத்தம் தொல்லை செய்தது என்று குறித்துவைத்து ஆடியாலஜிஸ்டிடம் போங்கள். இரண்டு மூன்று முறை போய்ச் சரிசெய்வது இயல்பானது.

தினமும் இரவில் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். சார்ஜ் செய்யும் வகையென்றால் ஈரம் போக்கும் வசதியுள்ள சார்ஜர் கிடைக்கிறதா என்று கேளுங்கள். குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றிவிடுங்கள். ஒருநாள் திடீரென்று சத்தம் குறைந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். முதலில் பேட்டரி, அடுத்து ஸ்பீக்கர் நுனியில் உள்ள குரும்பி வடிகட்டி, அதற்கடுத்து டோம் என்ற வரிசையில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி போன்ற அந்த வடிகட்டியை மாற்றியதும் பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு மங்கலாகவே இருந்தால் காதில் குரும்பி சேர்ந்திருக்கலாம், அல்லது காதின் திறனே கொஞ்சம் இறங்கியிருக்கலாம். வருடம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்தால் அது தெரிந்துவிடும். அப்போது புதிய கருவிதான் வேண்டும் என்பதில்லை. இருப்பதையே புதிய வரைபடத்துக்கு ஏற்ப மாற்றி அமைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.